சறுக்குகிறவருக்கும் சறுக்காதவருக்கும் ஒரே ஊர்

கீழே விழுவதற்கென்றே பணம் கொடுத்துத் தூர தேசத்துக்குப் பிரயாணம் போகிறவர்கள் உண்டு என்று சொன்னால் நம் பாட்டிமார்கள் நம்பவே மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் மாதம் பிறந்தவுடன் ஐரோப்பாவில் லட்சக்கணக்கான ஜனங்கள் அதைத்தான் செய்கிறார்கள். ஏறக்குறைய ஆள் உயரமுள்ள இரண்டு பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, வெண்பனி மூடிய மலைச்சரிவின் தலைப்பிலிருந்து சறுக்கிக்கொண்டு இறங்குகிறார்கள். பழகியவர்கள் பருந்தைப் போல் வருகிறார்கள். பழகாதவர்கள் பூசணிக்காயைப் போல் வருகிறார்கள். ஆனந்தம் என்னவோ இரு சாராருக்கும் ஒன்றுதான் என்று கேள்வி.

முற்காலத்தில் ஆல்ப்ஸ் மலை கோடை வாசஸ்தலமாக மட்டுமே இருந்தது. 1864-ஆம் வருஷத்தில் ஸ்விட்ஸர்லாந்திலுள்ள ஸெயின்ட் மோரிட்ஸ் என்னும் ஊரில் ஹோட்டல் நடத்திய யோஹானஸ் பாட்ரூட் என்பவர், ஊர் திரும்பவிருந்த ஆங்கில விருந்தாளிகளிடம், "குளிர்காலத்தில் வந்து பாருங்கள், பிடிக்காவிட்டால் செலவு என்னுடையது" என்று பந்தயம் போட்டதாகக் கதை சொல்வார்கள். அவர்கள் வந்தார்கள், பிடித்துவிட்டது. அன்று தொடங்கிய குளிர்கால யாத்திரை இன்று பெரும் வியாபாரமாகிவிட்டது. ஆல்ப்ஸ் மலை நெடுகிலும் இப்போது நூற்றுக்கணக்கான பனிச்சறுக்குத் தலங்கள் இருக்கின்றன. இவற்றில் எதற்குப் போவது என்பதுதான் கேள்வி.

தனியாகப் போகிறவருக்கு இந்தக் கேள்வி அவ்வளவு கடினமல்ல. இருவராகப் போகும்போதுதான் சங்கடம். நமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இப்படி நேர்ந்தது. பிள்ளைகள் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். பல வருஷமாகச் சேர்த்த பணத்தில் ஒரு தடவை வெளிதேசம் பார்த்துவிட்டு வரலாம் என்று தம்பதிகள் தீர்மானித்தார்கள். அந்த அம்மாளுக்குச் சறுக்கப் பழக வேண்டும் என்று சிறுவயது முதல் ஆசை. நண்பருக்கோ முழங்காலில் பழைய வலி. படி ஏறினாலே முனகுவார். "நீ போய்ப் பழகு, நான் அறையில் உட்கார்ந்து புஸ்தகம் படித்துக்கொண்டிருக்கிறேன்" என்றார் நண்பர். "ஆறு நாள் உங்களை அறையில் பூட்டி வைத்துவிட்டு எனக்கு என்ன சறுக்கல் வேண்டியிருக்கிறது? வேண்டவே வேண்டாம்" என்றார் அம்மாள். ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தே அந்தப் பிரயாணம் நின்றுபோய்விடும் போலிருந்தது. அப்போதுதான் இருவரும் ஒரு கட்டு விளம்பரப் புஸ்தகங்களுடன் நம்மிடம் வந்தார்கள்.

அந்த விளம்பரங்களைப் புரட்டிப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருப்பவை இரண்டு கணக்குகள்: இத்தனை நூறு மைல் சறுக்குப் பாதை, இத்தனை ஆயிரம் அடி உயரம். புதிதாகப் பழகுகிறவருக்கு இவ்விரண்டாலும் காலணா பிரயோஜனம் இல்லை. முதல் மூன்று நாட்களில் அவருக்கு வேண்டியது நம் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம் அளவுக்கு ஒரு சிறு சரிவு. அதன் அடியில் ஒரு சமதரை. மேலே ஏற்றிவிட, தரையோடு தரையாக ஊர்ந்து செல்லும் ஒரு நகரும் பாய். பொறுமையுள்ள ஓர் ஆசிரியர். அவ்வளவே. அங்கே முதலில் கற்றுக்கொடுப்பது, பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்புறங்களை அகற்றி வேகத்தைத் தணிக்கும் வித்தை. இதற்குப் 'பனிக் கலப்பை' என்று பெயர். அது கைவந்த பிறகுதான் நீலக் கம்பம் நட்ட சுலபமான பாதைகளுக்குப் போகலாம். சிவப்புக் கம்பம் நடுத்தரம். கறுப்புக் கம்பம் கடினம். முதல் வாரத்தில் கறுப்புக் கம்பத்தை ஏறிட்டுப் பார்க்கவே தேவையில்லை.

ஆகவே பழகுகிறவரைத் திருப்தி செய்வது எளிது. கடினமான பங்கு மற்றவருடையது. காலை ஒன்பது மணிக்கு மனைவியை ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறவருக்கு, மாலை நான்கு மணி வரையில் என்ன இருக்கிறது? இதைக் கேட்காமல் ஊரைத் தேர்ந்தெடுத்தால் ஒருவருக்கு விடுமுறையும் மற்றவருக்குக் காவலும்தான் கிடைக்கும். நம்முடைய அபிப்பிராயத்தில் இதற்கு ஒரே ஒரு சோதனை போதும். மத்தியானம் இருவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? சறுக்காதவர் தம் சொந்தக் காலாலோ, ரயிலாலோ, சறுக்குகிறவர் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர முடியுமா? முடியும் என்றால் அதுவே ஊர். முடியாது என்றால், எத்தனை நூறு மைல் பாதை இருந்தாலும் அது இவர்களுக்கு உரிய ஊரல்ல.

இந்தச் சோதனையைச் சில புகழ்பெற்ற ஊர்களுக்கு வைத்துப் பார்ப்போம்.

முதலாவது வெர்பியே. சுமார் 4,900 அடி உயரத்தில் வெயில் படும் மேடையில் அமைந்த அழகான ஊர். ஆனால் இதன் புகழெல்லாம் தேர்ந்த வீரர்களிடம். 10,900 அடி உயரமுள்ள மோன் ஃபோர் சிகரத்திலிருந்து செங்குத்தாக இறங்குவதற்கென்றே அவர்கள் அங்கே போகிறார்கள். காலையில் எல்லோரும் உயரே போய்விட்டால், கீழே தங்கினவருக்குக் கடைத்தெருவே கதி.

இரண்டாவது ஸெர்மாட். இதைப் பற்றிக் குறை சொல்ல நாக்கு கூசுகிறது. மாட்டர்ஹார்ன் என்னும் 14,692 அடிச் சிகரம் ஊருக்கு மேலே தனியாக நிமிர்ந்து நிற்கும் காட்சியைப் போல் வேறொன்று காண்பது அரிது. 1898-ஆம் வருஷம் திறந்த கோர்னர்கிராட் ரயில் 10,100 அடிக்கு மேல் கொண்டுபோய் விடுகிறது. சறுக்காதவருக்கு இது சொர்க்கம். ஆனால் பழகுகிறவருக்குரிய மென்சரிவு ஊருக்குள் இல்லை. மலையைக் குடைந்து செல்லும் ரயிலில் ஏறி ஸுன்னெகா என்னும் இடத்துக்குப் போக வேண்டும். தவிரவும் அங்கே விலைவாசி, ஸ்விட்ஸர்லாந்தின் அளவுக்கே சற்று அதிகம்.

மூன்றாவது மூரென். பள்ளத்தாக்கின் விளிம்பில், 5,400 அடி உயரத்தில், மோட்டார் வண்டிகள் நுழையாத சின்னஞ்சிறு கிராமம். பனிச்சறுக்குச் சரித்திரத்தில் இதற்குத் தனி ஸ்தானம் உண்டு. 1922-ஆம் வருஷத்தில் ஆர்னால்டு லன் என்ற ஆங்கிலேயர், கொடிகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்கும் நவீன ஸ்லாலம் பந்தயத்தை இங்கேதான் ஏற்படுத்தினார். 1931-ஆம் வருஷத்தில் முதலாவது ஆல்ப்ஸ் சறுக்கு உலகப் போட்டியும் இங்கேதான் நடந்தது. ஆனால் சரிவுகள் பொதுவாகச் செங்குத்தானவை. புதியவரின் தைரியத்தைச் சோதிப்பவை. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு மிகவும் உகந்த ஊர்.

மூரெனுக்கு நேர் எதிரே, அதே பள்ளத்தாக்கின் மறுகரை மேடையில், சுமார் 4,200 அடி உயரத்தில் இருக்கிறது வெங்கன். நாம் அந்தத் தம்பதிகளுக்குச் சொன்ன ஊர் இதுதான்.

இந்த ஊருக்கு வெளியிலிருந்து வண்டிப் பாதை கிடையாது. ஸூரிக் நகரிலிருந்து பெர்ன் வழியாக இன்டர்லாகன் வரையில் பெரிய ரயில். அங்கிருந்து சிறிய ரயிலில் லௌட்டர்புருன்னன். அங்கே மோட்டாரில் வந்தவர்கள்கூட வண்டியை நிறுத்திவிட்டுப் பல்சக்கர ரயிலில் ஏறித்தான் ஆக வேண்டும். கால் மணி நேரத்தில் ரயில் காட்டுக்குள் புகுந்து, வளைந்து ஏறி, வெங்கன் நிலையத்தில் விட்டுவிடுகிறது. ஏறும்போது பின்னால் திரும்பிப் பார்த்தால் ஸ்டௌபாக் அருவி, 970 அடிப் பாறைச் சுவரில் வெள்ளி ஜரிகை மாதிரி தொங்குகிறது.

பல்சக்கர ரயில் என்றவுடன் நம் நேயர்களுக்கு நீலகிரி ஞாபகம் வரும். வருவது நியாயமே. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் நம் மலை ரயிலின் பல் தண்டவாள முறை ரோமன் ஆப்ட் என்னும் ஸ்விஸ் பொறியியலாளர் கண்டுபிடித்தது. அதன் பழைய நீராவி எஞ்சின்களும் ஸ்விட்ஸர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்தவை. குன்னூர் பாதை திறந்தது 1899-இல். வெங்கன் பாதை திறந்தது 1893-இல். உறவு முறையில் பெரியப்பா வீட்டு ரயில் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு வேடிக்கை: வெங்கன் நம் குன்னூரைக் காட்டிலும் தாழ்ந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆயினும் பூமத்திய ரேகைக்கு வெகு தூரம் வடக்கே இருப்பதால் அங்கே வீட்டுக் கூரைகள்மேல் பனி மெத்தை போல் படிகிறது.

ஊரில் இறங்கியவுடன் முதலில் தெரிவது நிசப்தம். மோட்டார் இரைச்சல் இல்லை. ஹோட்டல்காரர்கள் மின்சாரத்தில் ஓடும் சிறு வண்டிகளில் சாமான்களை ஏற்றிப் போகிறார்கள். குழந்தைகளைச் சறுக்குவண்டியில் உட்கார வைத்துக் கயிற்றால் இழுத்துக்கொண்டு தாய்மார்கள் கடைக்குப் போகிறார்கள். தெற்கே நிமிர்ந்து பார்த்தால் 13,642 அடி உயரமுள்ள யுங்ஃப்ராவ். 'கன்னி' என்று பொருள்படும் அந்தச் சிகரத்துக்கு அந்திவெயில் படும்போது குங்குமம் பூசினாற்போல் இருக்கிறது.

பழகுகிறவருக்கான மென்சரிவு எங்கே இருக்கிறது தெரியுமா? ஊரின் நடுவிலேயே! ரயில் நிலையத்திலிருந்து சில நிமிஷ நடை. அந்த அம்மாள் எத்தனை தடவை விழுகிறார் என்பதை நம் நண்பர் பக்கத்துக் காபிக் கடையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கலாம். எண்ணிக்கையைச் சாயங்காலம் வெளியிடாமல் இருப்பது குடும்ப க்ஷேமத்துக்கு நல்லது.

மூன்று நாள் கழித்து, பழகுகிறவர் நீலப் பாதைகளுக்கு முன்னேறும்போது என்ன ஆகிறது? மற்ற ஊர்களில் அங்கேதான் தம்பதிகள் பிரிகிறார்கள். வெங்கனில் பிரிவதில்லை. அதே பல்சக்கர ரயில் இன்னும் மேலே, சுமார் 6,760 அடியிலுள்ள கிளைனே ஷைடெக் என்னும் கணவாய்க்கு ஏறுகிறது. பலகை தூக்கியவர்களும், கைத்தடி பிடித்தவர்களும், கைக்குழந்தைக்காரர்களும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து போகிறார்கள். ஊருக்கு மேலுள்ள மென்லிகன் முகட்டுக்கும் தொங்கு வண்டி போகிறது. மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு ஷைடெக் நிலைய வாசலில் சந்திப்பது என்று சொல்லி வைத்துக்கொண்டால், அவர் ஒரு பக்கமாக இறங்கி வரலாம். இவர் ரயிலில் ஏறி வரலாம். நாம் சொன்ன மத்தியானச் சாப்பாட்டுச் சோதனையில் இந்த ஊர் முழு மார்க்கு வாங்குவது இந்த ரயிலினால்தான்.

கிளைனே ஷைடெக்கில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், எதிரே ஐகர் சிகரத்தின் வடமுகம் கறுத்து எழும்பி நிற்கிறது. பலரைப் பலிகொண்ட அந்தச் சுவரை 1938-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் ஜெர்மானியர் இருவரும் ஆஸ்திரியர் இருவருமாக நால்வர் முதல் முதலாக ஏறி முடித்தார்கள். அதே மலைக்குள் குடைந்து போகிறது யுங்ஃப்ராவ் ரயில். அடால்ஃப் கையர் ஸெல்லர் என்பவர் வகுத்த திட்டம். 1896-இல் வேலை தொடங்கிற்று. அவர் 1899-இல் காலமானார். பாதை முடிந்தது 1912-இல். ஐரோப்பாவிலேயே மிக உயரமான ரயில் நிலையமான யுங்ஃப்ராயோக் 11,332 அடியில் இருக்கிறது. அங்கிருந்து ஆல்ப்ஸின் மிக நீளமான அலெட்ச் பனியாற்றைக் காணலாம். வாரத்தின் நடுவில் ஒரு நாள், பலகையைக் கழற்றி வைத்துவிட்டு, இருவரும் சேர்ந்தே இங்கே போக வேண்டும். வலிக்கும் கால்களுக்கும் அது ஓய்வு. ஆனால் அங்கே காற்று மெல்லியது. மெதுவாக நடக்க வேண்டும். இருதய நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் ஏறக் கூடாது. இந்த ரயிலுக்குக் கட்டணம் அதிகமாகையால் வானம் தெளிவாக இருக்கும் நாளையே தேர்ந்தெடுக்க வேண்டும். மேலே மேகம் மூடியிருந்தால் வெள்ளைச் சுவரைப் பார்க்கத்தான் பணம் கொடுத்ததாக ஆகும்.

சறுக்காதவர் தனியாகப் போவதற்கும் இடங்கள் உண்டு. பனியைச் சமன்செய்து, ரோஜா நிறக் கைகாட்டி நட்ட குளிர்கால நடைபாதைகள் இருக்கின்றன. அவற்றில் நடக்கப் பலகை வேண்டாம். பிடிப்புள்ள ஜோடு போதும். நடப்போருக்கென்று தனிச் சீட்டும் விற்கிறார்கள்; சறுக்குச் சீட்டை வாங்கி வீணாக்க வேண்டியதில்லை. ஒரு நாள் மூரென். ஒரு நாள் இன்டர்லாகனின் இருபுறமுமுள்ள தூன், பிரியன்ட்ஸ் ஏரிகள். ஒரு நாள் பெர்ன் நகரின் பழைய வீதிகள். எல்லாம் ரயிலில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடக் கூடியவை.

கணவாய்க்கு மறுபக்கத்தில் கிரிண்டெல்வால்ட் இருக்கிறது. அதுவும் நல்ல ஊரே. கடைகள் அதிகம், சறுக்குவண்டிப் பிரியர்களுக்கு ஃபௌல்ஹார்ன் மலையிலிருந்து ஒன்பது மைல் நீளமுள்ள பாதை உண்டு. 1911-இல் அங்கே ஒருவர் கண்டுபிடித்த மரத்தாலான பனி சைக்கிளையும் இன்னும் ஓட்டுகிறார்கள். 2020-ஆம் வருஷ டிசம்பர் முதல் ஐகர் அடிவாரத்துக்குக் கால் மணியில் ஏறும் பெரிய தொங்கு வண்டியும் இருக்கிறது. ஆனால் ஊர் நீளமானது, மோட்டார்கள் ஓடுகின்றன, ஊரின் ஒரு கோடியில் அறை கிடைத்தால் மறு கோடிக்குப் போக பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். கலகலப்பு வேண்டுகிறவர்களுக்குக் கிரிண்டெல்வால்ட். அமைதி வேண்டுகிறவர்களுக்கு வெங்கன்.

இனிச் சில குடும்ப விஷயங்கள். ஜனவரி நடுவில் வெங்கனில் லௌபர்ஹார்ன் பந்தயம் நடக்கிறது. 1930-இல் தொடங்கியது, ஏறக்குறைய மூன்று மைல் நீளம். அந்த வாரத்தில் கூட்டம் தாங்காது. வேடிக்கை பார்க்க நல்லது, பழக நல்லதல்ல. ஜனவரி கடைசி முதல் மார்ச் முதல் வாரம் வரையில் உசிதம். அதற்குள்ளும் பிப்ரவரியில் பள்ளி விடுமுறைக் கூட்டம் உண்டு. பருவம் வெப்பமாகி வருவதால் தாழ்ந்த சரிவுகளில் பனி குறைவாக இருக்கும் நாட்களும் வருகின்றன. அப்போது ரயிலேறி மேலே போய்ப் பழகலாம் என்பது வெங்கனுக்கு இன்னொரு சௌகரியம்.

பலகை, ஜோடு, தலைக்கவசம் யாவும் வாடகைக்குக் கிடைக்கும், வாங்க வேண்டாம். முதல் நாட்களில் முழு மலைக்கும் சீட்டு வாங்க வேண்டாம். பழகுமிடத்துச் சீட்டு போதும். வகுப்பு பெரும்பாலும் அரை நாள்தான். அதுவே உடம்புக்குப் போதும். இன்ஷூரன்ஸ் பத்திரத்தில் பனிச்சறுக்கு விபத்தும் மலையிலிருந்து மீட்கும் செலவும் அடங்கியிருக்கின்றனவா என்று எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். பல பத்திரங்களில் அடங்குவதில்லை. ஹெலிகாப்டர் செலவோ நடுத்தரக் குடும்பம் தாங்கக் கூடியதல்ல.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். உருளைக்கிழங்கைச் சீவி வறுத்த 'ரோஸ்டி' நம் நாக்குக்கு ஒத்துவரும். ஆனால் பன்றி இறைச்சி சேர்ப்பதுண்டாகையால் கேட்டு வாங்க வேண்டும். உருக்கிய பாலாடைக் கட்டியான 'ஃபோண்டூ'வில் ஒயின் சேரும். கிரூயேர் முதலிய பழைய முறைக் கட்டிகளில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறை சேர்வதால் கடும் சைவர்கள் அதையும் விசாரிக்க வேண்டும். சமையலறையுள்ள வீட்டை வாரக் கணக்கில் வாடகைக்கு எடுத்தால், ஊரிலுள்ள கூட்டுறவுக் கடையில் அரிசி, தயிர், காய்கறி வாங்கிச் சமைத்துக்கொள்ளலாம். பனியில் நனைந்து வந்தவருக்கு ஒரு கிண்ணம் மிளகு ரசத்தைப் போல் மருந்து உண்டோ?

இந்த ஊர்த் தேர்வெல்லாம் அற்ப விஷயம் என்று சிலருக்குத் தோன்றலாம். நம் தேச சரித்திரத்திலேயே இதற்கு ஒரு பக்கம் உண்டு. 1926-ஆம் வருஷத்தில் நோயுற்ற கமலா நேருவைச் சிகிச்சைக்காக ஜவாஹர்லால் ஸ்விட்ஸர்லாந்துக்கு அழைத்துப் போனார். கமலா மாண்டானா என்னும் மலையூரின் சிகிச்சை விடுதியில் இருந்தார். அந்தக் குளிர்காலத்தில்தான் ஜவாஹர்லால் சறுக்கப் பழகினார். பலமுறை விழுந்தும் விடாமல் பழகி, அதில் இன்பமும் கண்டதாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆனால் அந்த ஊரை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை, நோய் தேர்ந்தெடுத்தது. கமலா 1936-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆந் தேதி அதே தேசத்தின் லொஸான் நகரில் காலமானார். ஒருவர் சரிவிலும் ஒருவர் ஜன்னலோரத்திலும் இருக்கும் நாட்கள் வாழ்க்கையில் எல்லோருக்கும் தாமாகவே வரக்கூடியவை. உடம்பு நன்றாக இருக்கும் காலத்தில், நாமே ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, அந்த நாட்களை விலை கொடுத்து வாங்குவானேன்?

நம் நண்பருக்கும் அவர் மனைவியாருக்கும் இதையே சொன்னோம். பிப்ரவரியில் வெங்கனில் ஏழு நாளைக்கு ஓர் அறை பேசியிருக்கிறார்கள்; நிலையத்துக்கும் மென்சரிவுக்கும் நடுவே, ஜன்னல் சரிவைப் பார்த்திருக்கும் அறை. நண்பர் பெட்டியில் புஸ்தகமும் வைத்திருக்கிறாராம். இரண்டு போதும் என்று அம்மாள் சொல்லிவிட்டாராம்.